ஜின்செங் மாத்திரை

ஆய்வுக்கூடத்தில் ஜின்செங் என்ற மூலிகை வேரின் சேர்மங்களைப் பிரித்தெடுப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவளுக்கு வேலை. அவற்றைத் தின்ற எலிகள் சோர்வு நீங்கி ஓடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். கணவர் இதய நோயில் படுத்ததும், அவருடைய அக்கா ஜின்செங் மாத்திரையோடு வந்து நின்றாள்.

"வேணாம் அண்ணி. மனுஷங்களுக்கு இது கேக்கும்னு இன்னும் உறுதியா தெரியாது. ரத்தம் உறையாம இருக்க அவர் சாப்பிடுற மருந்தையும் கெடுத்துடலாம்."

"அப்போ இத்தனை வருஷமா அங்க என்னத்த கிழிச்சே?"

"விடுக்கா, நான் எலியா பொறந்திருக்கணும்" என்று படுக்கையிலிருந்து சிரித்தார் அவர்.

அடுத்த மாதம் போய்விட்டார். அவள் மறுத்தது சரிதான் என்றார் மருத்துவர். அண்ணி இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதில் அவளுக்கு வருத்தமில்லை. மாத்திரையைக் கொடுத்திருந்தால் நாலு நாள் நம்பிக்கையோடாவது இருந்திருப்பாரோ என்பதுதான் அவளை அரிக்கிறது.