இரண்டாவது பன்

உருளைக்கிழங்கு மூட்டை இரண்டை ஒன்றாக முதுகில் ஏற்றினாலும் மலை என்று பேரெடுத்தவன் பாட்டு முணுமுணுத்தபடி நடப்பான். ஊசி என்று யாராவது சொன்னால் மட்டும் அந்த ஆறடி உடம்பு எலிப் பொந்து தேடும். காய்கறிச் சந்தையில் லாரி இறக்குகிற ஆட்களில் இந்த ரகசியம் தெரிந்தவன் கொக்கு ஒருத்தன்தான். கழுத்தும் காலும் நீளம், வாய் அதைவிட நீளம், ஆகையால் கொக்கு.

கிடங்கு மாடியில் ஒரே அறையில் எட்டுப் பேர். ஒருவன் புரண்டால் மற்ற ஏழு பேரும் புரண்டாக வேண்டும். எட்டுப் பேருக்கும் ஒரு கண்ணாடி, பக்கத்து ஆணியில் ஒரு ரேசர். ப்ளேடு தோலைப் பிய்க்க ஆரம்பித்த பிறகுதான் மாற்றுவார்கள். அதற்குள் அது எட்டு முகத்தையும் மனப்பாடம் செய்திருக்கும்.

மலைக்கு உறவென்று ஒரு அக்கா, எங்கோ தூரத்தில். மாசம் ஒருமுறை போனில் "சாப்டியா?" என்பாள். "சாப்டேன்கா" என்பான். அதோடு பேச்சு முடிந்தது. குடிக்க மாட்டான், பீடியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சோடா குடித்து ஏப்பம் விடுவான், கிடங்குப் பூனை எழுந்து ஓடும். கொக்கு காய்ச்சலில் கிடந்த பதினொரு நாளும் அவன் பங்கு மூட்டையைச் சேர்த்து இறக்கியவன் மலைதான். அந்தப் பேச்சை எடுத்தால், "உன் பங்குன்னு என்னடா பெருசா? நீ தூக்குறதே பாதி மூட்டை" என்பான்.

போன வருஷம் சந்தை வாசலில் பந்தல் போட்டு ரத்தப் பரிசோதனை நடத்தினார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். கை நீட்டியவனுக்கு ஒரு பன்னும் பாலும். சோதித்த முடிவு எழுதிய கார்டு இல்லாதவனுக்கு வேலை இல்லை என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்.

"நெருக்கியடிச்சுத் தங்கி, ரேசரு, ப்ளேடெல்லாம் பொதுவுல வச்சிருக்கிறவங்ககிட்ட இது ஜாஸ்தி" என்று நர்ஸ் மைக்கில் சொன்னாள். "ஒரே தட்டுல சாப்பிட்டா வராது, ரத்தத்துலதான் வரும். வந்தா வருஷக்கணக்கா வெளியவே தெரியாது."

"மாப்ளே, நான் ஓடிடறேன்" என்றான் மலை.

"இன்னும் ஊசியையே பாக்கலையேடா!"

"பாக்கப் போறோம்ல, அதான்."

"சரி, டோக்கனைக் குடு. உன் பன் எனக்கு."

"பாதி எனக்கு."

"கையும் என்னுது, ரத்தமும் என்னுது. பன்ல மட்டும் உனக்குப் பங்கா?"

தன் முறை முடிந்ததும் கொக்கு மலையின் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி, அடுத்த வரிசையில் போய் நின்றான். அந்தச் சட்டைக்குள் இன்னும் ஒரு கொக்கு தாராளமாகக் குடியிருக்கலாம்.

"என்னப்பா, அண்ணன் சட்டையா?" என்றாள் அந்த மேசை நர்ஸ்.

"வளருவேன்னு நம்பி வாங்கினாங்க சிஸ்டர்."

இரண்டாவது பன்னை லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து பிய்த்துத் தின்றார்கள்.

ஒரு வாரத்தில் கார்டு வந்தது. சந்தையில் பதினொரு பேருக்குக் கிருமி. அவர்களில் இருவர் அதே அறைக்காரர்கள். அவர்களுக்கு மாத்திரையும் தனி ரேசரும் வந்தன. மற்ற ஆறு பேர் பழைய ரேசரோடு பழையபடி இருந்தார்கள். கிருமி இல்லையென்று கார்டே சொல்கிறதே!

மலை தன் கார்டைக் கண்ணாடியில் செருகினான். "பாத்தியா, சுத்த ரத்தம்!"

"யாரோடது?" என்றான் கொக்கு. இருவரும் விக்கல் எடுக்கச் சிரித்தார்கள். அன்று அக்காவிடம் போனில் ஒரு வரி கூடுதலாகப் பேசினான் மலை. "எனக்கு ஒண்ணும் இல்லையாம்கா. எழுதியே குடுத்துட்டாங்க."

மழை ஓய்ந்த சமயம் மலைக்குக் கால் வீங்கியது. சோறு பிடிக்கவில்லை. பக்கத்து மருத்துவமனையில் டாக்டர் கார்டைப் பார்த்தார்.

"கிருமி இல்லைன்னு இருக்கு. அப்ப தண்ணிதான். குடியை நிறுத்து."

மலை வாயைத் திறந்து, கொக்கைப் பார்த்து, மூடிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் ஊசி. மேஸ்திரிக்குத் தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும். கொக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோடாவை நிறுத்தணுமாம்டா" என்றான் மலை வெளியே வந்து. கொக்கு சிரித்துவிட்டான்.

மூன்று மாதத்தில் மலையின் கண் மஞ்சளாகி, வயிறு இறுக்கிக் கட்டிய மூட்டைபோல் ஆனது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே டாக்டரம்மாவும் அதே கார்டைத்தான் எடுத்தார்.

"போன வருஷம் கிருமி இல்லை. எத்தனை வருஷமா குடிக்கிறார்?"

"குடிக்க மாட்டான் டாக்டர்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க."

"அது அவன் ரத்தம் இல்ல டாக்டர்" என்றான் கொக்கு. அந்த நீள வாயிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. "என்னுது. அவனுக்கு ஊசின்னா பயம். நான் போயி... பன்னு குடுத்தாங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா மாத்திரையில நிறுத்தப் பாத்திருக்கலாம். இப்ப கல்லீரல் சுருங்கிப்போச்சு. சொந்தக்காரங்களை வரச் சொல்லுங்க. உங்க ரூம்காரங்களையும் கூட்டிட்டு வாங்க."

கொக்கு கட்டிலுக்குத் திரும்பியபோது மலை அவன் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லிட்டியா?"

"ம்."

"உன் வாய் திறக்க ஒரு வருஷமாடா?"

நர்ஸ் ஊசியோடு வந்தாள். மலை ஒளியவில்லை. "இவன் கையில எடுங்க சிஸ்டர், போன தடவை நல்லா வந்துச்சு" என்றான். கொக்குக்குச் சிரிப்பு வரவில்லை. மலை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். பிடியில் பலமே இல்லை.

"முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுது."

மலை கண்ணைத் திறந்தான். "இவ்ளோதானா? இதுக்கா பயந்தேன்?"

மறுநாள் கொக்கு, சோதிக்க மிச்சமிருந்த நான்கு பேரையும் இழுத்து வந்தான். ஒவ்வொருவனும் தன் கையைத் தானே நீட்டுவதை நின்று பார்த்தான். கடைசியில் தானும் நீட்டினான். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மலை அதுவரை இருக்கவில்லை.

அக்கா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அறையில் மலையின் பாயில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து மறுபடி கண்ணாடியில் செருகியிருந்த கார்டை எடுத்தாள்.

"கடைசியா சாப்டானா தம்பி?"

"ரெண்டு வாய் கஞ்சி குடிச்சான்கா."

"ஒண்ணும் இல்லைன்னுதானே இதுல எழுதியிருக்கு? போன்ல சொன்னானே?"

மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். கொக்கு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அதுல இருக்கிறது அவன் இல்லக்கா" என்றான். "நான்."