பதினாறாவது வீடு

கொடியில் சட்டையைப் போட்டுத் தோள்பட்டையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்துச் சொல்கிறாள்: "அண்ணே, நீலச் சட்டை போட்டிருக்கேன். வெயில்ல வெளுத்துச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது." அந்த அண்ணன் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அடுத்த வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. நேற்று வலது முன்னால் கிடந்தது. இன்று இடதை முன்னால் தள்ளி வைக்கிறாள். "நடக்கிற ஆளோட செருப்பு தினமும் ஒரே மாதிரி கிடக்குமா தம்பி?" என்று என்னிடம் கேட்கிறாள்.

தெருமுனையில் சலவைக்கடை வைத்திருப்பவள். தெருவில் அவளுக்குப் பெயர் 'மூணு நிமிஷம்'. நகராட்சியின் பட்ஜெட் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். மூன்று ஆண்டுகளாக ஒரு கூட்டத்தையும் அவள் விட்டதில்லை. "மூணு நிமிஷம்னா ஒரு முழுக்கைச் சட்டை தேய்க்கிற நேரம். காலருக்குச் சாக்கடை, கைக்குத் தெருவிளக்கு, முதுகுக்குக் குப்பை வண்டி. மணி அடிக்கிறதுக்குள்ள மடிச்சு வெச்சிடுவேன்" என்பாள். தெருவில் மிச்சமிருக்கும் வீட்டுக்காரர்களைத் துணி வாங்க வரும் சாக்கில் கடையிலேயே உட்கார வைத்துச் சங்கமாக்கியதும் அவள்தான். மனுக்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருவது, இதே தெருவில் வாடகைக்கு இருக்கும் நான். என் கையெழுத்தைப் போடச் சொன்னால் மட்டும், வெளிநாட்டுக்காரன், எதற்கு வம்பு என்று நழுவிவிடுவேன். அவள் வற்புறுத்த மாட்டாள். "ஊருக்குத் திரும்பிப் போறதுன்னா, கணக்கெடுக்க வந்துட்டுப் போனப்புறம் போங்க தம்பி. நீங்களும் ஒரு வீடு."

கேட்டது எதுவும் பட்ஜெட்டில் வரவில்லை. வளர்ச்சித் திட்டம்தான் வந்தது. ஒரு தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஆள் இருந்தால் அது 'குடியிருப்பு'; சாக்கடைக்கும் விளக்குக்கும் நிதி உண்டு. இல்லையென்றால் 'காலிப் பகுதி', இடித்துவிட்டு அடுக்குமாடி. எங்கள் தெருவில் முப்பது வீடுகள். பதினாறு தேவை, ஆள் இருந்தது பதினொன்றில். கணக்கெடுப்பவர் கதவைத் தட்ட மாட்டார். துணி காய்கிறதா, செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்து குறித்துக்கொள்வார்.

வாங்க ஆள் வராத துணி அவள் கடையில் ஓர் அலமாரி நிறைய இருந்தது. போனவர்களில் நான்கு வீட்டார் சாவியையும் அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

"பொய்க்கணக்கு இல்லையா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்க தானாவா போனாங்க? விளக்கை நிறுத்தி, குப்பை வண்டியை நிறுத்தித் துரத்துனாங்க. போயிட்டாங்கன்னு நான் இன்னும் ஒத்துக்கலை."

அந்த நான்கு வீடுகளைக் கடக்கும்போது என் நடை தானாக வேகமெடுக்கும். ஒருநாள் காலையில் அந்த நீலச் சட்டைக்குத் தலையசைத்து வணக்கம் சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

பதினொன்றும் நான்கும் பதினைந்து. ஒன்று குறைந்தது. அதற்கு அவளிடமும் வழியில்லை.

கணக்கெடுக்கும் நாள் காலையில் எதிர்க்கடை முடிதிருத்துபவர் சோப்புக் கையோடு ஓடிவந்தார். "ஏக்கா, தேய்ச்ச துணியையா காயப்போடுவாங்க? ஒவ்வொண்ணும் இன்டர்வியூவுக்குப் போற மாதிரி விறைப்பா நிக்குது!"

அவள் கொடியைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். "கைப்பழக்கம்டா, பாழாப்போன கைப்பழக்கம்!" நான்கு வீட்டுக்கும் ஓடினோம். மடிப்பைக் கசக்கி, இஸ்திரிக்குத் தெளிக்கும் தண்ணீரை அடித்துவிட்டுத் திரும்பும்போது கணக்கெடுப்பவர் தெருவுக்குள் நுழைந்துவிட்டார்.

இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்தார். தெருக்கோடியில் நின்று கூட்டினார். "பதினாறு. குடியிருப்பு" என்று கையெழுத்தைப் போட்டார்.

"பதினைஞ்சு தானே..." என்று அவள் வாயெடுத்தாள். முடிதிருத்துபவர் பலமாக இருமினார்.

கணக்கெடுப்பவர் பேனாவால் மேலே காட்டிவிட்டு நடையைக் கட்டினார். பத்தொன்பதாம் எண் வீட்டு மாடி. அதற்குச் சாவி யாரிடமும் இல்லை. நான் வந்ததிலிருந்து அங்கே ஜன்னல் திறந்ததில்லை. பால்கனிக் கம்பியில் சின்ன மஞ்சள் கவுன் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. கீழே புழுதியில் தட்டளவு ஈரம்.

"பலே ஆளுக்கா நீ! எப்படி ஏறுன?" என்றார் முடிதிருத்துபவர்.

"நான் போடலடா."

"விளையாடாத."

"என் கடைத் துணி இல்ல. கிளிப்பைப் பாரு. நான் தோள்ல மாட்டுவேன். இது தலைகீழா, கீழ் ஓரத்துல மாட்டியிருக்கு."

முடிதிருத்துபவருக்குச் சட்டென்று கடை ஞாபகம் வந்துவிட்டது. எனக்கும் போய்விடத்தான் தோன்றியது.

அவள் படியேறினாள், இரண்டு படி கீழே நான் நின்றேன். கதவில் காது வைத்துக் கேட்டாள், தட்டவில்லை. கைப்பையிலிருந்து வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கும், அடுத்த கூட்டத்துக்கான சாக்கடை மனுவை எடுத்து, கதவின் தபால் துவாரத்தில் செருகினாள். தாள் பாதியில் நின்றது. பிறகு மெல்ல உள்ளே போனது. அவள் விரல் அதற்கு முன்பே விலகியிருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவையும் துவாரத்தில் விட்டாள். அது தரையில் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

துவாரத்துக்குக் கீழே உள்ளங்கையை விரித்து நீட்டியபடி அவள் நின்றாள்.