கடுகுக் கீரைக்கு வைத்த போட்டி

விஜயராஜ் எப்படிப்பட்ட அதிகாரி என்று யாராவது கேட்டால், "ஷூவக் கழட்டாம பாத்தியில எறங்குற ஆளு" என்பாள் வைஜெயந்தி. அதற்கு மேல் சொல்ல மாட்டாள். அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்பது அவள் எண்ணம். நேரில் சார் என்றுதான் கூப்பிடுவாள். மனசுக்குள் அவன், இவன்தான்.

அந்தமானில் திக்லிபூரை ஒட்டிய ஒரு அரசாங்கக் காய்கறிப் பண்ணையில் அவளுக்குப் பதினெட்டு வருஷமாகத் தினக்கூலி வேலை. அப்பா ராமநாதபுரத்துப் பக்கமிருந்து மரம் வெட்ட வந்தவர். இவள் பிறந்தது, கல்யாணம் ஆனது, புருஷனைப் பறிகொடுத்தது எல்லாம் இங்கேதான். இதுவரை ஏழு அதிகாரிகளைப் பார்த்துவிட்டாள். கப்பலை விட்டு இறங்கின அன்றைக்கே மெயின்லேண்டுக்கு டிரான்ஸ்பர் கேட்டு மனு எழுதுகிறவர்கள். விஜயராஜ் எட்டாவது.

அவனுக்கு ஒரு உத்தரவு வந்தது. மூன்று வகைக் கடுகுக் கீரையை நான்கு தேதிகளில் விதைத்து, எந்த வகை எந்தத் தேதியில் அதிக விளைச்சல் தருகிறது என்று பார்க்க வேண்டும். ஜெயிக்கிற வகையின் விதை அடுத்த பட்டத்துக்குச் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குப் போகும். நெல் அறுத்த வயலில் இந்தக் கீரையைப் போட்டுத்தான் இங்கே பெங்காலிக் குடும்பங்கள் மழையில்லாத மாசங்களை ஓட்டுகின்றன.

இரண்டு வகை மெயின்லேண்டிலிருந்து பாக்கெட்டில் வந்தவை. மூன்றாவது உள்ளூர் வகை, வைஜெயந்தியின் விதை. பக்கத்து வீட்டு மினோதி பௌதி கொடுத்தது. பெங்காலிகள் அண்ணியை பௌதி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக நல்ல செடியாகப் பார்த்து விதைக்கு விட்டுக் காப்பாற்றி வந்ததை, டப்பாவைக் கவிழ்த்துக் கடைசி மணி வரை பண்ணைக்குக் கொடுத்தாள். அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

முதல் விதைப்பு அக்டோபர் நடுவில். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுக்கலாம் என்றாள். அட்டவணையில் தேதி இருக்கிறது என்றான். மூன்று வகையும் அழுகின. நவம்பரில் போட்ட இரண்டு விதைப்பும் தேறின. முப்பதாம் நாள் வந்து, எல்லாவற்றையும் பிடுங்கி எடை போடச் சொன்னான்.

"சார், இத புடுங்குனா பேக்கார் ஆயிரும், வீணாப் போயிரும். அடி எலையாப் பாத்துக் கிள்ளணும். அஞ்சு நாளைக்கு ஒருக்காக் கிள்ளுனா ரெண்டு மாசம் வரும்."

"ஏம்மா, எங்க ஊர்ல கீரைன்னா வேரோட புடுங்கிக் கட்டு கட்டுறதுதான். சின்னப் புள்ளைலருந்து பாக்குறேன்."

சின்னப் பிள்ளையில் அவன் பார்த்தது முளைக்கீரை. கடுகைப் பார்த்தது அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில், தாளிக்கிறதற்கு. அதன் இலையை மனிதர்கள் சாப்பிடுவார்கள் என்பதே இங்கே வந்துதான் தெரியும். அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு பெங்காலிகளுக்குக் கீரை சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டான்.

பிடுங்கினார்கள். பாக்கெட் வகை ஒன்று முப்பது நாளில் விறுவிறுவென்று வளர்ந்திருந்தது. உள்ளூர் வகை அப்போதுதான் இலை விரிக்க ஆரம்பித்திருந்தது. பாக்கெட் முதலிடம், உள்ளூர் கடைசி. முதலிடம் என்று அந்த பாக்கெட் வகையின் பெயரை எழுதி ஒரு போர்டும் நட்டான். வரப்போரம் பிடுங்காமல் விட்டுப்போன நாலு பாக்கெட் செடிகள் அடுத்த வாரமே பூவெடுத்து நின்றன. அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

டிசம்பர் விதைப்பு மட்டும் மிச்சம். அது முப்பது நாள் ஆகும்போது அவன் போர்ட் பிளேருக்கு மீட்டிங் போனான். திரும்ப ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்று மூன்று வாரம் அங்கேயே தங்கிவிட்டான். பஸ் ஓடுகிறதே என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவன் இல்லாமல் பண்ணை நன்றாகத்தான் இருந்தது. வைஜெயந்தி பாக்கெட் பாத்திகளைச் சொன்னபடி பிடுங்கினாள். தன் பாத்தியை மட்டும் கிள்ளினாள். ஐந்து நாளுக்கு ஒரு தடவை கிள்ளி, எடை போட்டு, தேதியோடு நோட்டில் எழுதினாள். நாலாவது தடவையிலேயே மொத்த எடை பாக்கெட் கீரையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

வந்தவன் நோட்டைப் பார்த்தான். "ஒரு அறுவடைதாம்மா ரூல். இது செல்லாது" என்று சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டான்.

அந்த வாரமே வயல் விழா. பெரிய அதிகாரி வருகிறார், நாற்பது வீட்டுக்காரர்களை அழைத்தாகிவிட்டது. காட்டுவதற்குப் பச்சையாக மிச்சமிருந்தது அவள் பாத்தி ஒன்றுதான்.

"அந்த முதலிட போர்டக் கொண்டாந்து இதுல நட்டுருங்க. போட்டோவுக்குத்தான்."

வருகிற பெண்கள் இந்த இலையைப் பார்ப்பார்கள், போர்டைப் படிப்பார்கள், வீட்டில் இருக்கும் நல்ல விதையைத் தூக்கிப் போட்டுவிட்டு பாக்கெட்டை விதைப்பார்கள். ஒரு மாசம் இலை, பிறகு வெறும் பூ.

போர்டை நட்டாள். விழாவன்று பெண்கள் எல்லாம் வந்து வரப்பில் நின்ற பிறகு, பாத்தியில் இறங்கி ஒவ்வொரு செடியாக மண்ணோடு பெயர்க்க ஆரம்பித்தாள். விஜயராஜ் ஓடி வந்தான்.

"என்னம்மா பண்றீங்க?"

"ரூல்படிதான் சார். இதுக்கு நாள் எப்பவோ தாண்டிருச்சு."

பிறகு ஹிந்தியில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: இது போர்டில் இருக்கிற கீரை இல்லை, மினோதி பௌதி வீட்டு விதை, சாயங்காலமே நட்டுத் தண்ணீர் விடுங்கள், பாதி செத்தாலும் மிச்சம் பூத்து விதை தரும். மினோதிதான் முதலில் முந்தானையை ஏந்தினாள். பிறகு மற்றவர்களும் ஏந்தினார்கள். ஜீப் வந்து நின்றபோது வெறும் ஈர மண்ணும் ஒரு போர்டும் பக்கத்தில் விஜயராஜும்தான் இருந்தார்கள்.

அதிகாரி போன பிறகு வந்து, "நாளைலருந்து வேலைக்கு வர வேணாம்" என்றான்.

"வர முடியாது சார். நாப்பது வீட்டுலயும் எது பொழச்சிருக்குன்னு போய்ப் பாக்கணும்."

இன்னும் அரை நாள் வேலை பாக்கி இருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.