முக்காட்டுக்கு எடுத்த தோல் ஜெக்கட்

"ராத்தா, எயார்போட்டுக்கு நல்லா உடுத்துட்டு வாங்க. மாமியும் வாறா." ரஜப் மாதப் பிறை தென்பட்ட மறுநாள் லண்டனிலிருந்து தங்கை அனுப்பிய செய்தி இது. அவளுடைய புகுந்த வீட்டார் எங்கள் குடும்பத்தில் ஒருவரை முதன்முதலாகப் பார்க்கப்போகிறார்கள். நான் போய் இறங்கும் நேரம் அங்கே குளிர்காலம். தோல் ஜெக்கட் ஒன்று எடுக்கப் புத்தளத்துக்குப் போனேன்.

மாநிறத்துக்குத் தேன் நிறம்தான் எடுப்பு என்று பல இடங்களில் படித்திருந்தேன். அந்த நிறத்தில் ஒன்றை எடுத்துக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால், காய்ச்சலில் எழும்பி வந்தவள் போல் இருந்தேன்.

"உங்கட கண்ணாடி சரியில்லை" என்றேன் கடைக்காரரிடம்.

பிள்ளைக்குச் சட்டை பார்த்துக்கொண்டிருந்த கரைத்தீவுப் பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள். "கண்ணாடிய ஏசாதீங்க ராத்தா. முகத்துக்குக் கிட்ட நிக்கிறது ஜெக்கட்டா, முக்காடா?"

நான் மஞ்சள் முக்காடு போட்டிருந்தேன். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் மஞ்சள்தான்.

"லண்டன்ல முக்காட்டக் கழட்டவா போறீங்க?"

"இல்லை."

"அப்ப அதுக்குப் பொருத்தமா எடுங்க."

அவள் நீட்டிய கருஞ்சிவப்பைப் போட்டேன். மஞ்சளும் அடங்கியது, முகமும் தெளிந்தது. நான் படித்ததெல்லாம் முக்காடு போடாதவர்களுக்கு எழுதியது என்று அப்போதுதான் உறைத்தது.

லண்டன் விமான நிலையத்தில் தங்கையின் மாமி என் ஜெக்கட் கையைத் தடவிப் பார்த்தார். "நல்ல எடுப்பா இருக்கு மகள். எங்க வாங்கின?"

"புத்தளத்தில" என்றேன், குரலைத் தாழ்த்தாமல்.

அசல் தோல் என்றுதான் கடைக்காரர் சொன்னார். அதை இன்னும் நான் உறுதிப்படுத்தவில்லை.