என் வாசலில் இன்னொருவருடைய லொறி

மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். என் வாசலில் இன்னொருவருடைய சின்னப் பட்டா லொறி பின்பக்கத்தைத் திறந்துகொண்டு நின்றது. அதில் நான் உடுக்கிற சாரங்கள், என் தலையணை, நான் படுக்கிற பாய்.

எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் சீதனமாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஒட்டிக்கொள்வார். ஆகவே வாசலில் லொறி நிறுத்திச் சாமான் ஏற்றுகிறார்கள் என்றால் வெளியேறப்போவது யார் என்று வவுணதீவில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். லொறி ஓட்டுவதுதான் என் பிழைப்பும். எத்தனையோ பேருடைய வீட்டுச் சாமான்களைக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுபோயிருக்கிறேன். என்னுடையது இவ்வளவு கொஞ்சமாக இருக்குமென்று நினைத்திருக்கவில்லை. அதுவும், என்னைத் துரத்துகிற வாடகை ஓட்டத்தை, அந்த ஹயரையாவது எனக்கே தந்திருக்கலாம்.

வந்திருந்தவர் ஸ்டான்டில் எனக்குப் பக்கத்தில் நிறுத்துகிறவர். என்னைக் கண்டதும் துவாயால் முகத்தைத் துடைத்தார். அக்காதான் கோல் எடுத்து வரச்சொன்னா, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் அண்ணன் என்றார்.

மனைவி உள்ளேயிருந்து இரண்டு கையிலும் தயிர்ச்சட்டியோடு வந்தாள். ஒன்றைத் தலையணையில் அணைத்து வைத்தாள். மற்றதைச் சுற்றி என் நீலச் சாரத்தை அடைத்தாள். பாயைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் முழுக்கத் தயிர்ச்சட்டி.

எருமைப்பால் வாங்கித் தயிர் போட்டுச் செட்டிபாளையம் கடைகளுக்குக் கொடுப்பது அவளுடைய வியாபாரம். கொண்டுபோவது என் வேலை. அதாவது, அன்று காலை வரை என் வேலை. வீட்டைவிட்டுத் துரத்தவில்லை என்ற நிம்மதி ஒரு மூச்சுக்கூட நிலைக்கவில்லை.

"இஞ்சேருங்க, கோவிக்காதீங்க. தயிர் பிந்தி வருது, உடைஞ்சு வருது, இனி வேற ஆக்களிட்ட எடுக்கப் போறம் எண்டு கடைக்காரர் சொல்லிட்டாங்க" என்றாள்.

வழியில் யார் கை காட்டினாலும் நிற்கிறவன் நான். ஆடு, சீமெந்து, பந்தல்காரரின் கதிரை என்று எல்லாம் ஏறும். தயிர் நம்முடையதுதானே, கோபித்துக்கொண்டு எங்கே போகும் என்று அதை வெயிலில் வைத்துவிட்டு அந்த ஹயர்களை முடிப்பேன். என் லொறியின் பின்னால் 'கேட்ட நேரத்தில் வாசலில்' என்று எழுதியிருக்கிறது. ஊரில் ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை என்று அதைக் கைகாட்டிச் சொன்னேன்.

"ஊராக்களுக்கெல்லாம் ஓடி ஓடிப் போறீங்க. நானும் உங்கட கஸ்டமர்தானே" என்றாள்.

லொறிக்காரர் கயிற்றைக் கட்டுகிற பாவனையில் குனிந்துகொண்டார்.

கெஞ்சினேன். கடைசியில், இன்றைக்கு ஏற்றினது போகட்டும், நாளை விடிய இரண்டு லொறியும் வரட்டும், முதலில் வந்து நிற்பதில் ஏற்றுகிறேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வாவிக்கு அந்தப் பக்கம், டவுனிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி வரவேண்டும். நான் அறையிலிருந்து வாசலுக்கு வரவேண்டும்.

விடிய எழும்பி, வளவின் மூலையில் நின்ற லொறியை ஸ்டார்ட் செய்யத் திறப்பைத் தேடும்போது போன் அடித்தது. ஒரு மேசை ஏற்ற வரச்சொல்லி முதல்நாள் கேட்ட ஆள், எங்கே நிற்கிறீர்கள் என்றார். அறைச் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "இந்தா, பாலத்தடியில நிக்கிறன், வந்திட்டன்" என்றேன். பிறகு அவர் மேசையின் நீள அகலத்தைச் சொன்னார். கதை கொஞ்சம் நீண்டது.

வெளியே வந்தபோது வாசலில் டயர் அடையாளம் மட்டும் இருந்தது. நான் பொய்யாக நின்ற பாலத்தை அவர் உண்மையாகவே தாண்டி வந்து, ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மனைவி கை கழுவிக்கொண்டு நின்றாள்.

கடைகள் தயிரை நிறுத்தவில்லை. எனக்கும் ஒரு ஹயர் தந்திருக்கிறாள், சட்டி செய்கிற இடத்திலிருந்து வெறுஞ்சட்டி ஏற்றி வருவது. அதையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் இறக்குகிறாள். சாரங்களும் பாயும் திரும்பி வந்துவிட்டன. தலையணை மட்டும் இன்னும் செட்டிபாளையம் போய் வருகிறது, சொன்ன நேரத்துக்கு.