எதிர்க் கடைக்கு ஒரு கையெழுத்து

ஜெராக்ஸ் அக்காவின் கண்ணில் படாமல் எந்தத் தாளும் அவள் மெஷினுக்குள் போனதில்லை. ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால், "மேனேஜர் அவ்வளவு மோசமா?" என்பாள். ஸ்கேன் ரிப்போர்ட் என்றால் குரலைத் தாழ்த்தி, கடை முழுக்கக் கேட்கும்படி, "கல்லுதானே? கரைஞ்சிடும்" என்பாள். இதை ஒரு சேவை என்றே நினைத்திருந்தாள். பதினான்கு வருடமாக யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் புராஜெக்ட். யாருக்கும் தோன்றாத தொழில் யோசனை ஒன்று வேண்டும். நாற்பது பேரிடம் கருத்துக் கேட்க வேண்டும். அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் படித்துப் பார்த்து, 'நடைமுறைக்கு உகந்தது' என்று கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பாதி மார்க் அம்போ.

கருத்துப் படிவத்தை நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்ததே அக்காதான். எடுக்கும்போதே படித்தாள். 'உங்கள் தாள்களைப் படிக்காத, அவற்றைப் பற்றிப் பேசாத கடை வந்தால் மாறுவீர்களா?'

"ஐயோ, அடுத்தவங்க பேப்பரைப் படிக்கிற பொம்பளையும் இருக்காளா!" என்று உச்சுக்கொட்டினாள். வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து, "கூச்சப்படாம உண்மையை எழுதுங்க" என்று பேனாவும் கொடுத்தாள்.

சமர்ப்பிக்கும் நாள் காலையில், ஸ்பைரலுக்குத் துளையிடும்போதுதான் முழு புராஜெக்டும் அவள் கையில் சிக்கியது. மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். தொழில்: அம்மா கடைக்கு நேர் எதிரில் இன்னொரு ஜெராக்ஸ் கடை. வாடிக்கையாளரே தாளை வைத்துப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். முதலாளி வாயைத் திறக்க மாட்டார். 'போட்டிக் கடையின் பலவீனங்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு சொல்: உரிமையாளர்.

"என்னடி இது? பெத்தவ வயித்துலயே அடிக்கிறியா?"

"வெறும் புராஜெக்ட்தாம்மா."

"முப்பத்தாறு பேர் மாறுவாங்களாமே! யாரு யாரு? அந்த ஃபாரத்தைக் கொண்டா, எழுத்தை வச்சே ஆளைச் சொல்றேன்."

"பாத்தியா? இதுக்குத்தான் எதிர்க் கடையே."

அக்கா படிவக் கட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். "தையல்காரர்! நேத்துகூட சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரே, பாவி மனுஷன். இது யாரு? 'கட்டாயம் மாறுவேன். அப்படிப்பட்ட கடையில் கால் வைக்கவே கூடாது.' என்னா திமிரு!"

"ஒரு ஆள் குறையுதுன்னு நீதாம்மா எழுதிக் கொடுத்த."

அக்கா அந்தத் தாளை மெல்லக் கவிழ்த்து வைத்தாள்.

மகள் கெஞ்சவில்லை. "வேணாம்னா விடு. பாதி மார்க் போனாப் போகுது" என்றாள். ஆனாலும் அம்மா கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை மேலே எடுத்து வைத்தாள்.

அக்கா மறுபடி முதலிலிருந்து படித்தாள், இந்த முறை கடைக்காரியாக. நொட்டை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். 'உகந்ததல்ல' என்ற கட்டத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு 'உகந்தது' என்பதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

கீழே குறிப்பு எழுத மூன்று வரி விட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் தாள் நமத்துப்போய் மெஷினில் சிக்கும் என்று எழுதினாள். சிக்கிய தாளை வாடிக்கையாளர் வெடுக்கென்று இழுத்தால் ரோலர் போச்சு என்று எழுதினாள். எதிர்க் கட்டிடத்தில் மத்தியானம் கரண்ட் இருக்காது என்று ஆரம்பிப்பதற்குள் வரி தீர்ந்தது. 'பின்பக்கம் பார்க்க' என்று அம்புக்குறி போட்டுத் தாளைத் திருப்பினாள்.

"அம்மா, பெல் அடிச்சிடும்!"

"இருடி. என்கிட்ட போட்டிக்கு வர்றவ, ஒண்ணும் தெரியாம வந்து நிக்கலாமா?"