பெரிய நம்பர்

முப்பது சென்டிமீட்டர் சதுர அட்டை. நான்கு மூலையிலும் ஒரே அளவில் சதுரம் வெட்டி எடுத்துவிட்டு மடித்தால் மூடியில்லாத பெட்டி. அது அதிகம் கொள்ள வேண்டுமானால் எவ்வளவு வெட்ட வேண்டும்? பெரம்பலூரில் இன்ஜினியரிங் முதலாம் ஆண்டில் எங்கள் குழுவுக்கு வந்த கணக்கு இதுதான். அந்த அட்டையை நினைத்தால் எங்கள் குழுவின் லீடர் மேல் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அவள் அரியலூர் டவுன், இங்கிலீஷ் மீடியம். நான் ஆண்டிமடம், தமிழ் மீடியம், முதல் டெஸ்டில் கணக்கில் பெயில். "இன்னொரு தடவ பெயிலானா பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துடு" என்று அண்ணன் சொல்லியிருந்தார். இந்தப் புராஜெக்டில் மார்க் வந்தால்தான் நான் தேறுவேன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான், "நீ அட்டைய வெட்டு, போதும். கணக்க நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அவர்கள் வகையிட்டு, அதாவது டிஃபரன்ஷியேட் செய்து, பார்த்ததில் ஐந்து, பதினைந்து என்று இரண்டு விடை வந்தது. "பெருசு கேட்டிருக்கு, பெரிய நம்பர எழுதிக்க" என்றாள். "பதினஞ்சு வெட்டுனா அட்டையே மிஞ்சாதுடி. காத்துலயா பொட்டி செய்யறது?" என்று கேட்டேன். "கத்திரிக்கோல் புடிக்கிறவளுக்கு எதுக்குடி கணக்கு?" என்றாள். குழுவில் மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் ஹாஸ்டலுக்குப் போய், பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தபடி இரண்டாம் முறை வகையிட்டுப் பார்த்தேன். ஐந்துதான் சரி.

கணக்கு சார் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேள்வி கேட்ட அன்று பார்த்தால், குழுவுக்காக அவள் அவரிடம் கொடுத்திருந்த தாளில் ஐந்து என்று இருக்கிறது. எப்போது மாற்றினாள்? என்னிடம் மூச்சு விடவில்லை. நான் பதினைந்து என்று உளறட்டும் என்று விட்டாளா? "அஞ்சுலதான் சார் பெருமம், பதினஞ்சுல சிறுமம்" என்று விளக்கினேன். சார் முகத்தில் சந்தேகம். "யாரும்மா சொல்லிக் குடுத்தா?" "நானே போட்டேன் சார்." "டெஸ்ட்ல ஒண்ணும் எழுதல, இப்ப மட்டும் எப்புடி வந்துச்சு?" அவர் பேனா மார்க் போடாமல் நின்றது. அப்போது அவள் எழுந்தாள். "நாந்தான் சார் உக்காந்து சொல்லிக் குடுத்தேன்." சார் சிரித்தார். "குரூப்புன்னா இப்புடி இருக்கணும்." மார்க் போட்டார். நான் தேறினேன். என் உழைப்பை நான் சொன்னபோது நம்பாதவர், அவள் சொன்ன பொய்யை உடனே நம்பினார்.

காப்பாற்றினாளா, திருடினாளா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். நல்ல மனசு என்றால் விடையை மாற்றியதும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் புருஷனோடு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்குக் கணக்கே நாந்தாங்க சொல்லிக் குடுத்தேன்" என்று அவரிடம் சொன்னாள்.

"நீ பதினஞ்சுன்னு சொன்ன" என்றேன்.

"எந்தப் பதினஞ்சுடி?"

நிஜமாகவே மறந்துபோனவள் முகம் அது. நான் நம்பவில்லை.